அசன்பேக்கு ஊர் எது?



இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' அது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி அப்போது ஆறு வருடம்தான்.

எகிப்தின் காஹிராவில் பிறந்த குழந்தை களவாடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, படித்து ஆளாகி, கடைசியில் பெற்றோரிடம் சேர்கிறான். ஏன் எகிப்து? ஆங்கிலேயரிடம் தோற்ற ஒறாபி பாஷா 1883 ஜனவரியில்தான் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகியவர். முஸ்லிம்கள் நவீன கல்வி கற்க வேண்டும் என்று இருவருமே பாடுபட்டார்கள்.

தரம் 11 பிள்ளைகளைக் குழுக்களாக இருத்தி இந்தக் கதையைப் பேச விட்டோம். "அசனை ஆளாக்கியது விதியா, படிப்பா?" என்று ஒரு குழு வாதாடியது. விதி அவனைப் பம்பாயில் விட்டது, அங்கிருந்து தூக்கிவிட்டது படிப்பு என்று முடித்தார்கள். அடுத்த குழு கேட்டது: "அவனுக்கு ஊர் எது? பிறந்த இடமா, வளர்ந்த இடமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். புத்தளத்திலேயே பிறந்த அவர்களை இன்றும் 'அகதி' என்று சொல்கிறவர்கள் நம்மில் உண்டு.

அந்தச் சொல்லை நாம் விட வேண்டும். அதோடு, நம் வீடுகளிலும் இந்தப் புத்தகத்தை வாசிப்போம், இன்ஷா அல்லாஹ்.