பணிக்கொடை

பணி + கொடை. தடு, தடை ஆவதுபோலக் கொடு, கொடை ஆயிற்று. நெல்லைப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் கொடை என்றே பெயர். பணிக்கொடையின் ஆங்கிலப் பெயரான ‘கிராஜுவிட்டி’யின் லத்தீன் வேரும் அன்பளிப்பைக் குறிப்பதுதான். முதலாளி மனமுவந்து கொடுத்த காலத்துப் பெயர் இது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடனாக்கிவிட்டது. பத்துப் பேர் வேலை பார்க்கும் கடைக்கும் உண்டு. பிறகு ஆள் குறைந்தாலும் பொறுப்பு போகாது. நிரந்தரப் பணியாளர் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்து விலகினால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக் கணக்கு. 13,000 ரூபாய்க்கு 7,500, பத்தாண்டுக்கு 75,000. பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. “நானே பார்த்துக் கொடுக்கிறேன்” என்னும் முதலாளிக்கு 30 நாள்தான் கெடு.