ஒரே கணினியின் தலையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் பக்கம் போனவர்கள், 2015-ல் திறந்த யமஹா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பெனியின் சின்னத்தை உற்றுப் பார்த்தால் மூன்று இசைக்கவைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். பள்ளியில் சயின்ஸ் வாத்தியார் தட்டிக் காதருகே வைப்பாரே, அதே கவைதான். பைக் செய்பவர்களுக்கு அது எதற்கு? டொராகுசு யமஹா என்பவர் 1887-ல் ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கன் பெட்டியை ரிப்பேர் செய்தார். அதில் தொடங்கிய இசைக்கருவிக் கம்பெனி அது. மோட்டார் கம்பெனி 1955-ல்தான் அதிலிருந்து தனிக்குடித்தனம் போயிற்று.

அந்த இசைக் குடும்பம் 1984 வாக்கில் சிஎக்ஸ்5எம் என்ற சிறு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நினைவகம் 32 கிலோபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்கள் ஒலிக்கும். 1986-ல் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியை இசைக்கப் பயன்படுத்தினார். இந்தியத் திரைப்பாடல் பதிவில் கணினி நுழைந்த முதல் படமாக அதைச் சொல்வார்கள்.

அதற்கு முன் வேலைப் பங்கீடு மனிதர்களுக்குள் நடந்தது. வயலின்காரர்கள் ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம். ஒவ்வொருவர் முன்னும் அவரவர் பகுதி எழுதிய தாள். நடுவில் ஒருவர் கைகாட்டுவார். யாராவது தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கணினி முதலில் பிடித்தது கைகாட்டுபவரின் இடத்தைத்தான். 1983-ல் வெளிவந்த ‘மிடி’ என்ற ஏற்பாடு அதற்கு வழி செய்தது. (பிரெஞ்சில் படித்த எனக்கு ‘மிடி’ என்றால் நண்பகல். பேரன் முதலில் சொன்னபோது சாப்பாட்டு நேரம் என்றே நினைத்தேன்.) மிடி கம்பியில் ஒலி போகாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற உத்தரவு மட்டுமே போகும். ஒலியை எழுப்பியவை தனித்தனியான சிந்தசைசர், சாம்ப்ளர் பெட்டிகள். பிரெஞ்சில் கணினிக்கு ‘ஓர்தினத்தேர்’ என்று பெயர், வரிசைப்படுத்துபவன் என்று பொருள். அதுவும் 1955-ல் ழாக் பெரே என்ற பேராசிரியர் சொன்ன பெயர்தான். இசையைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு பொருத்தம். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்ந்த தன் ஸ்டுடியோவில் இப்படிப்பட்ட கருவிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

பிறகுதான் பேராசை வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பெட்டிகள் எல்லாம் மென்பொருளாகிக் கணினிக்குள் புகுந்தன. ஒரு வயலினின் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, பலமாக, இழுத்து, வெட்டி என்று பதிவு செய்து வைத்தார்கள். 1998-ல் வந்த கிகாசாம்ப்ளர் அவற்றை நேராக ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே படித்து ஒலித்தது. வயலின், டிரம்பெட், மேளம் எல்லாம் ஒரே கணினியின் தலையில். அது மூச்சுத் திணறியது, படபடவென்று இரைந்தது, கடைசியில் நின்றது. அந்தக் கால 32-பிட் கணினி 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைக் கையாள முடியாது என்பது இன்னொரு முட்டுக்கட்டை.

வெளிநாட்டு இசையமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? வயலின்களுக்கு ஒரு கணினி, ஊதுகருவிகளுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று பிரித்தார்கள். தலைமைக் கணினி தாளைப் பார்த்துக் கைகாட்டும். மற்றவை வாசித்து, ஒலியைக் கம்பி வழியே அனுப்பும். பழைய ஆர்கெஸ்ட்ராவின் இருக்கை வரிசை அப்படியே திரும்பி வந்துவிட்டது, ஆட்கள்தான் இல்லை!

இதற்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. காருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்வதில்லை. இருக்கைக்கும் கண்ணாடிக்கும் வேறு ஆலைகள். ஒரு லாரி தாமதித்தால் லைன் நிற்கும், அதற்காகக் கொஞ்சம் சரக்கு கையிருப்பு வைப்பார்கள். கணினியில் அந்தக் கையிருப்புக்குப் பெயர் பஃபர். வினாடிக்கு 44,100 ஒலித்துளிகள் என்ற கணக்கில், 128 துளி கையிருப்பு என்றால் சுமார் 3 மில்லிவினாடி தாமதம், 1,024 என்றால் சுமார் 23. கையிருப்பு குறைந்தால் ஒலி உடையும், கூடினால் விரலுக்குப் பின்னால் சுரம் வரும். எல்லாக் கணினிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது இரண்டாவது விதி. பாதி வேலையில் எதையும் அப்டேட் செய்யக் கூடாது என்பது மூன்றாவது.

மூன்றாவது விதியை என் பேரன் பட்டுத் தெரிந்துகொண்டான். ஒரு குறும்பட இசையைக் கொடுக்க வேண்டிய முந்தின இரவு எதையோ புதுப்பித்தான். விடியும்வரை கணினி எழவில்லை. மூன்று வார உழைப்பு. நல்லவேளை, இன்னொரு பழைய கணினியில் பிரதி இருந்தது. ஆபீசில் கார்பன் காப்பி இல்லாமல் ஒரு கடிதம்கூட வெளியே விடாதவன் நான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவன் அறையில் இரண்டு கணினிகள். “ஒண்ணு முழுக்க வயலின்தான் தாத்தா, அறுபது பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்” என்றான். கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது. கால்ஷீட்டை நம்பிக் கோடம்பாக்கத்தில் குடும்பம் நடத்திய வயலின்காரர்கள் எத்தனை பேர் இந்தப் பெட்டியால் வேலை இழந்தார்கள் என்று அவனிடம் கேட்கத் தோன்றியது. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அடுத்த படத்துக்கு ஒருத்தரையாவது கூப்பிடறேன் தாத்தா” என்றான்.