முறிந்த இருக்கை மரைத்தண்டுச் சீரமைப்பு

இருக்கை மரைத்தண்டு என்பது தானுந்தின் இருக்கையை அதன் தளத்தகட்டுடன் இணைக்கும் மரையிட்ட எஃகுத் தண்டு ஆகும். பட்டறை வழக்கில் இது ஸ்டட் எனப்படுகிறது. சில தானுந்துகளில் இத்தண்டு தளத்தகட்டில் பற்றவைக்கப்பட்டு, மேலிருந்து நட்டு முடுக்கப்படும். வேறு சிலவற்றில் தளத்திற்கு அடியில் நட்டு பற்றவைக்கப்பட்டிருக்க, மேலிருந்து போல்ட் முடுக்கப்படும். பழைய தானுந்துகளில் இவை துருப்பிடித்து, இருக்கையைக் கழற்றும்போது முறிவது பரவலாகக் காணப்படும் பழுதாகும்.

முக்கியத்துவம்

மோதலின்போது இருக்கை தளத்திலிருந்து பிய்ந்து வராமல் தடுப்பவை இவ்விணைப்புகளே. ஐக்கிய நாடுகள் அவையின் 17ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 20 மடங்கு விசையை 30 மில்லிநொடி நேரம் இருக்கையின் பிடிப்புகள் தாங்க வேண்டும் என்கிறது. இதன்படி 20 கிலோகிராம் எடையுள்ள இருக்கைக்கு ஏறத்தாழ 3,900 நியூட்டன் விசை கணக்காகிறது.

இருக்கைப்பட்டையின் பூட்டு இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது பயணியின் உடல் தரும் இழுவிசையின் ஒரு பகுதியும் இதே மரைத்தண்டுகளின் மேல் விழுகிறது. பட்டைப் பிடிப்புகளுக்கான 14ஆம் எண் ஒழுங்குவிதியின் சோதனையில், மும்முனைப் பட்டையின் மேற்பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தலா 13,500 நியூட்டன் விசை தரப்படுகிறது. ஆகவே நான்கில் ஒன்று முறிந்த நிலையில் வண்டியை ஓட்டுவது பாதுகாப்பற்றது.

முறிவிற்கான காரணங்கள்

* துரு: மழைநீர், குளிர்சாதனக் கருவியின் அடைபட்ட வடிகுழாயிலிருந்து கசியும் நீர் ஆகியவை தரைவிரிப்பின் கீழ் தேங்குகின்றன. வங்கக் கடலை அடுத்த வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றின் உப்பும் துருவை விரைவுபடுத்தும்.
* பொருந்தாத மரை: மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த அம்பாசடர் போன்ற பிரித்தானிய வடிவமைப்புகளில் அங்குல மரைகள் உள்ளன. 5/16 அங்குல யுஎன்எஃப் தண்டின் விட்டம் 7.94 மிமீ, எம் 8 தண்டின் விட்டம் 8 மிமீ. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் முன்னதன் மரை இடைவெளி 1.06 மிமீ, பின்னதன் இடைவெளி 1.25 மிமீ ஆகும். ஒன்றன் நட்டை மற்றதில் வலிந்து ஏற்றினால் மரை சிதையும். 1998 முதல் திருவள்ளூரில் தயாரிக்கப்பட்ட மிட்சுபிசி லான்சர் போன்ற ஜப்பானிய வடிவமைப்புகள் மெட்ரிக் மரை கொண்டவை. இவற்றிலும் எம் 10 அளவில் 1.25 மிமீ, 1.5 மிமீ என இருவகை இடைவெளிகள் இருப்பதால் மரை அளவியால் சரிபார்ப்பது தேவையாகிறது.
* மிகை முடுக்கம்: அளவுக்கு மீறி இறுக்குவதால் தண்டு நீண்டு மெலிகிறது.

முன்னேற்பாடுகள்

மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். தளத்திற்கு அடியில் எரிபொருள் குழாய், தடைக் குழாய், மின்வடங்கள் ஆகியவை செல்லக்கூடும்; துளையிடும் முன்பும் பற்றவைக்கும் முன்பும் இவற்றை விலக்க வேண்டும். தரைவிரிப்பும் நுரைப்பஞ்சும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் முற்றிலும் அகற்றப்படுகின்றன.

சீரமைப்பு முறைகள்

தண்டின் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருத்தல்

அடியில் உள்ள நட்டில் போல்ட் முறிந்து, அதன் ஒரு பகுதி வெளியே தெரிந்தால், ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சில மணிநேரம் ஊறவிடுவர். பின்னர் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியே பற்றவைத்துத் திருப்புவர். பற்றவைப்பின் வெப்பம் துருவின் பிடியைத் தளர்த்துவதால் இம்முறை பெரும்பாலும் பலனளிக்கும். எண்ணெய் தீப்பற்றக்கூடியதாதலால் அதனை முன்னரே துடைத்து அகற்ற வேண்டும்.

நட்டிற்குள்ளேயே முறிந்திருத்தல்

முறிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தி, நடுவில் புள்ளியிட்டு, 3 மிமீ துளை இடப்படுகிறது. எம் 8 அளவிற்குத் துளையைப் படிப்படியாக 6.8 மிமீ வரை பெரிதாக்கி, எஞ்சிய உலோகத்தை எடுத்தபின் மரை வெட்டும் டேப்பால் மரை தூய்மையாக்கப்படுகிறது. இடப்பக்கமாகச் சுழலும் ட்ரில் பிட்டைப் பயன்படுத்தினால் துளையிடும்போதே துண்டு கழன்று வருவதும் உண்டு. உடைந்த ஆணி எடுக்கும் கருவியை மிகுந்த விசையுடன் திருப்பக்கூடாது. அது கடினப்படுத்தப்பட்ட எஃகினால் ஆனது. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட்டால் துளையிட இயலாது.

தளத்தில் பற்றவைத்த தண்டு முறிதல்

அடிப்பகுதியைச் சமமாகத் தேய்த்து, அதே இடத்தில் துளையிட்டு, தளத்தின் அடியிலிருந்து புதிய போல்ட் செலுத்தப்படுகிறது. போல்ட்டின் தலைக்கும் தகட்டிற்கும் இடையே அகன்ற எஃகுத் தட்டு வைப்பது இன்றியமையாதது. இல்லையேல் மோதலில் போல்ட் முறியாமலேயே மெல்லிய தளத்தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்.

இங்கு 8.8 வலிமை வகுப்பு போல்ட் பயன்படுத்தப்படுகிறது. இவ்வகுப்பைச் சேர்ந்த எம் 8 போல்ட்டின் இழுவலிமை ஏறத்தாழ 29,000 நியூட்டன். இது வெப்பப் பதனிடலால் பெறப்பட்ட வலிமை. எனவே இந்த போல்ட்டைத் தளத்துடன் பற்றவைத்தால், சூடேறிய பகுதி வலுவிழக்கவோ நொறுங்குதன்மை பெறவோ கூடும். தட்டை மட்டும் பற்றவைத்து, போல்ட்டைப் பற்றவைக்காமல் விடுவதே முறை. சுற்றியுள்ள தகடு துருவால் அரிக்கப்பட்டிருந்தால், அதனை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைத்த பின்னரே இப்பணி மேற்கொள்ளப்படும்.

நிறைவுப் பணிகள்

வெற்று உலோகத்தின் மேல் துத்தநாகம் கலந்த முதற்பூச்சும், இணைப்புகளில் அடைப்புப் பசையும், அடிப்புறத்தில் மெழுகுக் காப்பும் இடப்படுகின்றன. நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, நான்கும் பொருந்திய பின், தயாரிப்பாளர் குறித்துள்ள முறுக்கு அளவிற்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்குவர். இறுதியாக, இருக்கை தண்டவாளத்தில் தடையின்றி நகர்ந்து ஒவ்வொரு நிலையிலும் பூட்டிக்கொள்கிறதா எனச் சோதிக்கப்படுகிறது. சில நாள் ஓட்டத்திற்குப் பின் முறுக்கு அளவை மீண்டும் சரிபார்ப்பது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* இருக்கைப்பட்டை
* துருப்பிடித்தல்
* பற்றவைப்பு