தொழில் தொடங்குவோர் கவனத்துக்கு: தனி உரிமையா, கூட்டா, கம்பெனியா? எந்த வடிவம் யாருக்குப் பொருந்தும்

மும்பை: தாராவி, மாட்டுங்கா, சுனாபட்டி, செம்பூர் எனத் தமிழர்கள் செறிந்து வாழும் மும்பைப் பகுதிகளில் தொழில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. கீழ்த்தளத்தில் பட்டறையும் மேல்தளத்தில் குடும்பமும் இருப்பது இங்கு வழக்கமான காட்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். இன்று தோல் பை தைப்பது முதல் அதிகாலையில் இட்லி அவித்து நகரெங்கும் விற்பது வரை பல தொழில்கள் இப்பகுதிகளில் நடைபெறுகின்றன.

புதிதாகத் தொழில் தொடங்குவோர் இடம், முதலீடு, வாடிக்கையாளர் ஆகியவற்றை முதலில் எண்ணிப் பார்க்கின்றனர். சட்டத்தின் பார்வையில் அந்தத் தொழில் யாருடையது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுக்கும்போதோ, தொழிலை நிறுவியவர் காலமாகும்போதோதான் அது முன்னுக்கு வருகிறது.

தனி உரிமை நிறுவனம், கூட்டு நிறுவனம், எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம், ஒரு நபர் கம்பெனி, பிரைவேட் லிமிடெட் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவை இந்தியாவில் சிறு தொழில்களுக்குள்ள முக்கிய வடிவங்கள். இவற்றில் ஒன்றைத் தேர்வு செய்ய மூன்று கேள்விகள் உதவும். நட்டம் வந்தால் யாருடைய சொத்து போகும்? உரிமையாளர் மறைந்தால் தொழில் தொடருமா? ஆண்டுதோறும் ஆகும் கணக்கு, தணிக்கைச் செலவைத் தொழில் தாங்குமா?

தனி உரிமை: எளிது, ஆனால் காப்பு இல்லை

மிக எளிய வடிவம் தனி உரிமை நிறுவனம். இதற்கெனத் தனிச் சட்டமோ தனிப் பதிவோ இல்லை. உரிமையாளரின் பான் எண்ணே தொழிலின் பான் எண். கடைக்கு வேறு பெயர் வைத்தாலும் சட்டத்தின் பார்வையில் கடையும் உரிமையாளரும் ஒருவரே.

இதன் ஆபத்தும் அதுவே. தொழிலுக்காக வாங்கிய கடனை அடைக்க இயலாவிட்டால், உரிமையாளரின் வீடு, நகை, சேமிப்பு ஆகியவற்றின் மீதும் நீதிமன்றத்தின் வழியே கை வைக்க முடியும். வீடும் பட்டறையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அல்ல.

உரிமையாளர் காலமானால் நிறுவனமும் முடிவுக்கு வருகிறது. மகனோ மகளோ கடையைத் தொடர்ந்து நடத்தலாம். ஆனால் தம் பெயரில் புதிய ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். வங்கிக் கணக்கு, லைசென்ஸ், கொள்முதல் ஒப்பந்தம் ஆகியவற்றையும் மாற்றியாக வேண்டும்.

கூட்டு நிறுவனம்: பத்திரமும் பதிவும்

இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டுத் தொழில் நடத்தினால் அது 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பங்குதாரர்கள் அதிகபட்சம் 50 பேர் இருக்கலாம்.

நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுப் பொறுப்பு உடையவர். எடுத்துக்காட்டாக, இரு சகோதரர்கள் சேர்ந்து மாவு அரைக்கும் ஆலை தொடங்கி, தொழிலுக்காக மூத்தவர் கடன் வாங்கினால், அந்தக் கடன் முழுவதையும் இளையவரிடமிருந்தும் வசூலிக்கலாம். அவரது பங்கு பாதிதான் என்பது கடன்காரரைக் கட்டுப்படுத்தாது.

கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயம் அல்ல. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய ரூ.100க்கு மேற்பட்ட தொகையைக் கேட்டு வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று சட்டத்தின் 69ஆவது பிரிவு கூறுகிறது. சரக்கை வாங்கிவிட்டுப் பணம் தராதவர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. அவரோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கலாம். உறவினர்கள் நம்பிக்கையின் பேரில் வாய்மொழியாகத் தொடங்கும் கூட்டுத் தொழில்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பங்குதாரர் ஒருவரின் மரணத்துடன் நிறுவனம் கலைந்துவிடும். ஆகவே லாபப் பங்கு, சம்பளம், விலகும் முறை, மரணத்துக்குப் பிந்தைய ஏற்பாடு ஆகிய நான்கையும் பத்திரத்தில் எழுதிவைப்பது இன்றியமையாதது.

எல்எல்பி: இடைப்பட்ட வழி

2008ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அறிமுகமான எல்எல்பி, கூட்டு நிறுவனத்தின் நெகிழ்வையும் கம்பெனியின் பாதுகாப்பையும் இணைக்கிறது. குறைந்தது இரு பங்குதாரர்கள் தேவை. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தாம் ஒப்புக்கொண்ட முதலீட்டின் அளவுக்கே பொறுப்பு. மோசடி நோக்குடன் செயல்பட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பங்குதாரர் மறைந்தாலும் விலகினாலும் நிறுவனம் தொடரும்.

விற்றுமுதல் ரூ.40 லட்சத்தையோ முதலீடு ரூ.25 லட்சத்தையோ தாண்டாத எல்எல்பிக்குத் தணிக்கை கட்டாயம் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் இரு படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் நடக்காத ஆண்டுக்கும் இது பொருந்தும். தாமதித்தால் கூடுதல் கட்டணம் உண்டு.

கம்பெனி: ஒரு தோல் வணிகரின் வழக்கு

கம்பெனியும் அதன் உரிமையாளரும் வேறு என்ற கோட்பாட்டை நிலைநாட்டிய வழக்கு ஒரு தோல் வணிகருடையது. லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் காலணி தயாரித்து வந்த ஆரோன் சாலமன், 1892இல் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். அவருடன் அவரது மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆகியோர் பங்குதாரர்கள். விரைவிலேயே கம்பெனி நொடித்தது. கம்பெனி என்பது வெறும் போர்வை, கடனைச் சாலமனே ஏற்க வேண்டும் என்று வாதிடப்பட்டது. கீழமை நீதிமன்றங்கள் அதை ஏற்றன. ஆனால் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1896இல் அத்தீர்ப்புகளை மாற்றியது. முறைப்படி பதிவான கம்பெனி தனி நபருக்கு ஒப்பானது. அதன் கடன் அதற்கே உரியது என்று தீர்ப்பளித்தது. இந்திய நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டைப் பின்பற்றுகின்றன.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரு பங்குதாரர்களும் இரு இயக்குநர்களும் தேவை. குறைந்தபட்ச மூலதனம் ரூ.1 லட்சம் என்ற விதி 2015இல் நீக்கப்பட்டது. தனியாகத் தொழில் செய்வோர் ஒரு நபர் கம்பெனியைப் பதிவு செய்யலாம். தமக்குப் பின் பொறுப்பேற்கும் நியமனதாரரைப் பதிவின்போதே குறிப்பிட வேண்டும்.

விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயம். சிறு கடைக்கு இது சுமையாகலாம். வெளியாரிடம் பங்கு விற்று முதலீடு திரட்ட விரும்புவோருக்கோ கம்பெனியே ஏற்ற வடிவம்.

வங்கி கேட்கும் கையெழுத்து

வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது முழுக் கவசம் அல்ல. சிறு கம்பெனிக்குக் கடன் வழங்கும் வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கின்றன. அதில் கையெழுத்திட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை இயக்குநரின் சொந்தச் சொத்தும் பிணையாகிறது. இத்தகைய உத்தரவாதம் அளித்தவர்கள் மீது திவால் நடவடிக்கை எடுக்க வகைசெய்யும் விதிகள் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. சரக்கு தந்தவர், வாடிக்கையாளர் போன்ற ஏனையோரின் கோரிக்கைகளிலிருந்து மட்டுமே அத்தகைய இயக்குநருக்குப் பாதுகாப்பு மிஞ்சுகிறது.

ஏழு பெண்கள் தேர்ந்தெடுத்த வழி

பலர் சமமாக உழைத்துச் சமமாகப் பயன்பெற விரும்பினால் வேறு வழிகளும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் ரூ.80 கடன் பெற்று மொட்டை மாடியில் அப்பளம் தயாரிக்கத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அவர்கள் கம்பெனி தொடங்கவில்லை. 1966இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தனர். அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணும் அங்கு உரிமையாளர் என்பதே அதன் அடிப்படை.

இன்று இவ்வாறு தொடங்க விரும்புவோர், 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த குறைந்தது 10 பேர் தேவை. பங்கு எத்தனை இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் நெறி.

வரி எப்படி மாறும்?

தனி உரிமையாளரின் லாபம் அவரது சொந்த வருமானமாகவே கருதப்படுகிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் பொதுவாக ரூ.12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. கூட்டு நிறுவனத்துக்கும் எல்எல்பிக்கும் லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி உண்டு. ஆனால் பங்குதாரர் பெறும் லாபப் பங்குக்கு மீண்டும் வரி இல்லை. சில சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனி 22 சதவீத வரியைத் தேர்வு செய்யலாம். ஆனால் ஈவுத்தொகை பெறும் பங்குதாரர் அதற்குத் தனியே வரி செலுத்த வேண்டும். 30, 22 சதவீத வரிகளுடன் மேல்வரிகளும் சேரும்.

விற்றுமுதல் ரூ.2 கோடிக்குள் இருந்தால், ரொக்க வரவில் 8 சதவீதத்தையும் வங்கி வழி வரவில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டி வரி செலுத்தும் எளிய முறை உள்ளது. ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு ரூ.3 கோடி. தனி உரிமையாளரும் கூட்டு நிறுவனமும் இதைப் பயன்படுத்தலாம். எல்எல்பியும் கம்பெனியும் பயன்படுத்த முடியாது.

எல்லா வடிவங்களுக்கும் பொதுவானவை

சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். எல்லா வடிவ நிறுவனங்களும் பெறலாம். இப்பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கு வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். பெரிய கடைகளுக்குத் தோல் பை தைத்துத் தருவோருக்கு இது முக்கியப் பாதுகாப்பு. உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். மகாராஷ்டிரத்தில் ஜிஎஸ்டி பதிவுக்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு பொதுவாகப் பொருள்களுக்கு ரூ.40 லட்சம், சேவைகளுக்கு ரூ.20 லட்சம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. இடம் மாற நேரும் சூழலில், குமாஸ்தா லைசென்ஸ் ஒருவர் பெயரிலும் மின் இணைப்பு மற்றொருவர் பெயரிலும் ஜிஎஸ்டி எண் மூன்றாமவர் பெயரிலும் இருந்தால், தொழில் யாருடையது என்று நிறுவுவதே கடினமாகிவிடும். ஆவணங்கள் அனைத்தும் ஒரே பெயரில் இருப்பது எந்த வடிவத்துக்கும் தேவை.

எதைத் தேர்வு செய்வது?

கடன் குறைவு, ஒருவரே உழைப்பு என்றால் தொடக்கத்தில் தனி உரிமை போதுமானது. உறவினரோ நண்பரோ சேர்ந்தால் பதிவு செய்த கூட்டு நிறுவனம். கடனும் சரக்கும் பெருகினால் எல்எல்பி. வெளி முதலீடு தேவைப்பட்டால் பிரைவேட் லிமிடெட். பலர் சமமாக உழைத்தால் கூட்டுறவு. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குப் பின்னர் மாறலாம். ஆனால் மாறும்போது வரியும் செலவும் நேரலாம். பெரிய கடனில் கையெழுத்திடுவதற்கு முன்பே பட்டயக் கணக்காளரையோ வழக்கறிஞரையோ கலந்து வடிவத்தை முடிவு செய்வது நல்லது. கடன் வாங்கிய பிறகு வடிவத்தை மாற்றினாலும், பழைய கடனுக்கான பொறுப்பிலிருந்து விடுபட இயலாது.