மணிக்கு மணி தொடர்ந்த ஜெபம்



இரவு வேலை முடிந்தாலும், நோயாளரை அடுத்த தாதியிடம் பாரம் கொடுத்த பின்புதான் நான் வீட்டுக்குப் புறப்படுவேன். ஒரு நிமிடமும் அவர்களைத் தனியே விடமாட்டோம். ஜெபத்தையும் அப்படிக் கைமாற்றியவர்கள் சரித்திரத்தில் உண்டு.

1727 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 24 ஆண்களும் 24 பெண்களும் இரவையும் பகலையும் மணிகளாகப் பிரித்து, முறைவைத்து ஜெபிக்க உடன்பட்டார்கள். அந்த ஜெபம் நூறு வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்தது. 1732இல் அச்சிறு சபை மேற்கிந்தியத் தீவுகளுக்கு மிஷனரிகளை அனுப்பியது.

நம் யாழ்ப்பாணத்திலும் இது நடந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் மற்றச் சபை மிஷனரிகளோடு மாதத்தின் முதல் திங்கட்கிழமைகளில் கூடி ஜெபித்தார்கள். பல வருடங்கள் பலன் கொஞ்சமே. 1824 தொடக்கத்தில் தெல்லிப்பழையில் எழுப்புதல் உண்டாகி உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு எங்கும் பரவியது. பண்டத்தரிப்பில் வைத்தியர் ஜோன் ஸ்கடரின் விடுதிச் சிறுவர்கள் இரவில் தோட்டத்துக்குள் போய் ஜெபித்தார்கள். பிள்ளைகளே, அவர்கள் உங்களைப் போன்றவர்களே!

பாட்ஸ்பியோர்ட்டில் குளிர்காலத்தில் சூரியன் வாரக்கணக்காக உதிப்பதில்லை. மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த நம்மவர்களில் பலர் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். எழுப்புதலை நாம் உண்டாக்க முடியாது. அது ஆண்டவருடைய செயல். ஆனால் விழித்திருக்க நம்மால் முடியும். ஒஸ்லோவில் இருப்பவர்களும் சேர்ந்து ஆளுக்கொரு வேளை எடுப்போம். உங்கள் வேளை முடிந்ததும் அடுத்தவருக்குத் தொலைபேசியில் பாரம் கொடுங்கள்.

நீங்கள் எந்த வேளையை எடுப்பீர்கள்?