துலக்கும் பொறியும் அரைக்கும் கல்லும்

பாத்திரம் துலக்கும் பொறி நம் ஊருக்குப் புதிது. அதனைப் பழுதென்று கழித்துவிட்டு, வேறொன்றை வாங்கி அதன் இடத்தில் வைப்பதோ அதனினும் புதிது. திருச்சிராப்பள்ளியிலும், காவிரியைக் கடந்தால் எதிர்ப்படும் திருவரங்கத்திலும் பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும் பல தலைமுறைகளாகப் புளியும் சாம்பலும் கொண்டே துலக்கப்பெற்று வந்தன. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி, ஊரடங்கு வந்து, வீட்டு வேலைக்கு வருவோர் வர இயலாது போனபோதுதான் நகரத்துக் குடும்பத்தார் பலர் இப்பொறியைத் தேடத் தொடங்கினர். அன்று வாங்கியவற்றுள் சில அதற்குள்ளாகவே பழைய இரும்புக் கடையைச் சென்றடைந்துவிட்டன. அஃது ஏன் என்பதே என் பேச்சின் பொருள். இதுவும் வரலாறாகுமோ என்று மாணவர்கள் ஐயுறலாம். அரசர்தம் போர்களுக்கு நாள் குறித்து வைக்கும் நாம், அம்மி எப்போது ஓய்ந்தது, அதன் இடத்தைப் பிடித்தது எது என்பதற்கும் நாள் குறித்து வைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

திருவரங்கத்தில் என் மகள் வீட்டிலிருந்த துலக்கும் பொறி நான்காம் ஆண்டில் நின்றுபோயிற்று. மோட்டார் நன்றாக இருந்தது, குழாய்களில் அடைப்பில்லை, கதவும் செம்மையாக மூடியது. பார்க்க வந்த இளைஞர், "போர்டு போய்விட்டது, ஐயா" என்றார். உள்ளங்கை அகலமே உடைய அந்த மின்னணுப் பலகையின் விலை, புதிய பொறியின் விலையில் பாதியை நெருங்கிற்று. அதுவும் வெளியூரிலிருந்து வந்துசேர மூன்று வாரம் ஆகுமாம். உத்தரவாதக் காலமோ முன்னரே கழிந்துவிட்டது. வீட்டார் கணக்கிட்டுப் பார்த்துப் புதியதையே வாங்கினர். அதே சமையலறையின் மூலையில் மகளின் மாமியார் 1988-இல் வாங்கிய மாவரைக்கும் கிரைண்டர் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை மோட்டாருக்குக் கம்பி சுற்றினார்கள். பெல்ட்டை எத்தனை முறை மாற்றினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

இவ்விரண்டையும் அருகருகே காண்போர், "அக்காலத்துப் பொருள் கெட்டி; இக்காலத்துப் பொருள் போலி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவர். என் மாணவர்கள் அவ்வாறு எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் அளித்திருக்கமாட்டேன். 1988-இல் விற்ற கிரைண்டர்கள் யாவும் இன்றைக்கும் சுற்றுகின்றனவா? ஐந்தாண்டில் தேய்ந்தவை, கல் பிளந்தவை, மோட்டார் எரிந்தவை எல்லாம் என்றோ மறைந்துபோயின. மறைந்தவை நம் கண்முன் நின்று சாட்சி சொல்வதில்லை. எஞ்சியவை மட்டுமே சொல்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லிவர்மோர் நகரின் தீயணைப்பு நிலையமொன்றில் 1901-ஆம் ஆண்டு ஏற்றிய மின்விளக்கு இன்னும் மங்கலாக எரிகிறது. அதனைக் கொண்டு 1901-ஆம் ஆண்டின் விளக்குகள் யாவும் நூறாண்டு எரியும் என முடிவு கட்டுவார் உண்டோ?

துலக்கும் பொறியின் பிறப்பைப் பார்ப்போம். 1850-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பார், மரத்தாலான, கையால் சுழற்றும் பொறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். அது பயன்படத்தக்கதாக அமையவில்லை. பயன்பட்ட முதற்பொறியை ஆக்கியவர் ஜோசபின் காக்ரேன் அம்மையார். இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் என்னும் ஊரினர். அவருக்குப் பாத்திரம் கழுவும் தொல்லையில்லை. அதற்குப் பணியாளர் இருந்தனர். அவர்கள் கைபட்டு விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைந்ததே அவரது மனக்குறை. 1883-இல் கணவர் கடன் வைத்து இறந்தார். அம்மையார் தட்டுகளையும் கிண்ணங்களையும் அளந்து, ஒவ்வொன்றும் அசையாது நிற்கும்படி கம்பிக் கூடுகள் செய்தார். அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செம்புக் கொப்பரையினுள் வைத்து, சூடான சோப்பு நீரை விசையோடு பாய்ச்சினார். ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் தொழில்வல்லார் அவருக்குத் துணைநின்றார். 1886 டிசம்பர் 28-ஆம் நாள் அதற்கு உரிமை கிடைத்தது.

வாங்கியவர் யார் என்பதைக் கவனியுங்கள். இல்லத்தரசியர் வாங்கவில்லை, சிகாகோ நகரத்துப் பெரிய உணவு விடுதிகளே வாங்கின. 1893-இல் அந்நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இப்பொறி உணவகங்களில் ஓடியது. அதே கண்காட்சியை ஒட்டிக் கூடிய சமயப் பேரவையில்தான் விவேகானந்தர் பேசினார். அவரை அங்கு அனுப்பச் சென்னையில் பொருள் திரட்டிய அளசிங்கப் பெருமாள் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை, ஆசிரியனாக இருந்த எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிற்க. துலக்கும் பொறி வீட்டினுள் நுழைய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அக்கால வீடுகளில் அதற்கு வேண்டிய அளவு வெந்நீர் இல்லை. பல ஊர்களில் நீரும் கடினமானது. விடுதியிலோ கொதிகலன் இருந்தது. அதனைக் கவனிக்க ஆளும் இருந்தான்.

பொறியியலார் நம்பகம் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளனர். குறித்த சூழ்நிலையில், குறித்த காலம்வரை, தனக்குரிய வேலையை ஒரு பொருள் தவறாது செய்தற்குள்ள வாய்ப்பே நம்பகம். இதில் 'குறித்த சூழ்நிலை' என்னும் சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால், சூடேறும் தோறும் அவை வெண்மையான படிவாகி வெப்பக் கம்பியில் ஒட்டும். இதைத் தடுக்கவே துலக்கும் பொறிகள் பலவற்றினுள் அயனிப் பரிமாற்றப் பிசின் அடங்கிய சிறு கலம் உண்டு. அப்பிசின் வலுவிழக்காதிருக்க உப்பு இடுதல் வேண்டும். வேதியியல் பாடத்தில் நீங்கள் படித்த கடின நீர் இதுவே. மின்னழுத்தம் ஏறியிறங்கினால் மோட்டார் ஓரளவு பொறுக்கும். மின்னணுப் பலகை அவ்வளவு பொறுப்பதில்லை. ஐரோப்பியக் குழாய்நீரையும் ஐரோப்பிய மின்சாரத்தையும் எண்ணி வரைந்த பொருள், சித்திரை வெயிலில் நம் ஊர்ச் சமையலறையில் வேறு தேர்வு எழுதுகிறது.

இந்த உண்மையைப் பம்பாயில் ஒரு குடும்பம் தன் சமையலறையிலேயே கண்டது. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர் வீட்டில் ஜெர்மனியில் செய்த மிக்ஸி ஒன்று இருந்தது. மாவும் முட்டையும் கலக்க அமைந்த அதன் மோட்டார், நம் நாட்டு மசாலையை அரைக்கப் புகுந்து எரிந்துபோயிற்று. இங்கே அதனைச் செப்பனிடுவாரும் இல்லை. மனைவியார் மாதுரி, நம் சமையலுக்குத் தாங்கும் பொறியை நீரே செய்யலாகாதா என்று கேட்டாராம். அதன் விளைவே 1963-இல் தொடங்கிய 'சுமீத்'. உலர்ந்த மஞ்சளையும் மிளகையும் அரைத்த அம்மிக்கு அதுவே பல வீடுகளில் ஓய்வு கொடுத்தது.

அதற்கு எட்டாண்டு முன்னரே நம் கொங்கு நாட்டில் வேறொன்று நிகழ்ந்தது. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பார் ஆட்டுரலை மின்சாரத்தால் இயங்கச் செய்தார். பைக்காரா நீர்மின்சாரம் 1932-லேயே வந்துவிட்ட ஊர் அது. ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1937-இல் மின்மோட்டாரும் அங்கே உருவாயிற்று. நூலாலைகளுக்கு வேண்டிய வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் தெருத்தோறும் இருந்தன. கல்லுக்கு ஊத்துக்குளி அருகிலிருந்தது. கை ஆட்டுரலில் குழவி சுழலும், உரல் நிற்கும். புதிய பொறியிலோ உரல் சுழன்றது, குழவி நின்றது. கல், மோட்டார், பெல்ட்டு, அச்சு என நான்கே உறுப்புகள். இவற்றுள் எது கெட்டாலும் அருகிலுள்ள பட்டறையில் அதனைச் செய்துவிடலாம். 2005–06-இல் கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. மகள் வீட்டுக் கிரைண்டர் நெடுநாள் வாழ்வதற்கு அதன் கல்லின் உறுதி பாதிக் காரணம். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் திருச்சியில் தெருத்தோறும் இருந்தது மறுபாதி. கையால் ஆட்டிய காலத்திலும் இதுவே வழக்கம். கல் வழவழப்பானால் கொத்துவதற்கு ஆள் வீதியில் கூவிக்கொண்டு வருவான். பித்தளைக்கு ஈயம் பூசுவோன் வாயிலில் உலை மூட்டுவான். பழுது பார்த்தலும் பொருளின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டது.

வானொலியும் இதற்குச் சான்று கூறும். திருச்சிராப்பள்ளி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது 1939 மே 16-ஆம் நாள். பல வீடுகளில் மின்விளக்கிற்கு அடுத்தபடி புகுந்த மின்கருவி வானொலிப் பெட்டியே. அதனுள் கண்ணாடி வால்வுகள் இருந்தன, அவை சூடேறி ஒளிரும், நாளடைவில் வலுவிழக்கும். ஆதலின் அவற்றைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்படி குழிகளில் பொருத்தியிருந்தனர். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. அது வால்வைக் காட்டிலும் பன்மடங்கு நம்பகமானது. கெடாத பொருளுக்குக் குழி எதற்கு என்று அதனைப் பலகையிலேயே பற்றவைத்துவிட்டனர். அதன்பின் ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒரே சில்லினுள் அடங்கின. இவ்வாறு பழுது குறைந்தது. ஆயின் பழுது நேர்ந்தால் கைவைக்கும் இடமும் குறைந்தது. துலக்கும் பொறியின் பலகை இம்மரபில் வந்ததே. உறுப்புக் கெடும் அருமையை நாம் மறந்துவிடுகிறோம். கெட்ட அன்று முழுப்பொறியும் வீணாவதையே நினைவில் கொள்கிறோம்.

ஆக்குவோர் வேண்டுமென்றே ஆயுளைக் குறைக்கின்றனர் என்னும் குற்றச்சாட்டும் உண்டு. அதற்கு வரலாற்றில் ஒரு பேர்போன சான்று கிடைக்கிறது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் உலகின் முதன்மையான விளக்கு நிறுவனங்கள் 'ஃபீபஸ்' என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தி, விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரமே எனக் கட்டுப்பாடு விதித்தன. மிகுதியாக எரியும் விளக்கைச் செய்தவர் தண்டம் செலுத்த வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அது கலைந்தது. நீண்டநாள் எரியும் இழை மங்கலாக எரிந்து மின்சாரத்தை வீணாக்கும் என்று அவர்கள் கூறிய விளக்கத்தில் உண்மையும் இருந்தது. ஆயினும் தண்டம் விதித்ததற்கு அவ்விளக்கம் போதாது என்பேன்.

நம் நாட்டில் 1947-இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை வந்தது. அந்நிறுவனத்தின் இடத்தில் 1987 முதல் இந்தியத் தர அமைவனம் உள்ளது. முத்திரையின் பெயர் மட்டும் மாறவில்லை. அம்முத்திரை, பொருள் வரையறுத்த தரத்திற்கு ஏற்பச் செய்யப்பெற்றது என்று உறுதி கூறும். பத்தாண்டு கழித்து அதன் பலகை கடையில் கிடைக்கும் என்று கூறாது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் குறையுள்ள பொருளுக்கு ஈடு கேட்க வழி செய்தன. 2011 செப்டம்பர் 15 அன்று, திருவரங்கம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றிருந்த முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அம்மியையும் ஆட்டுரலையும் விட்டு அகலாதிருந்த ஏழைத் தாய்மார் வீட்டிற்கும் பொறிகள் சென்றன. அவர்களுக்கு நம்பகம் என்பது பொழுதுபோக்குக்குரிய ஆராய்ச்சி அன்று. மிக்ஸி நின்றால் வேறொன்று வாங்கக் கையில் பணம் இராது.

உறுப்புக் கிடைப்பதையே சட்டமாக்கியது ஐரோப்பிய ஒன்றியம். 2021 மார்ச் முதல் அங்கு விற்கும் துலக்கும் பொறிகளுக்கு, அவ்வகை விற்பனை நின்ற பின்னரும் சில உறுப்புகளை 7 ஆண்டும், வேறு சிலவற்றை 10 ஆண்டும் ஆக்குவோர் கொடுத்தாக வேண்டும். கேட்ட 15 வேலை நாள்களுக்குள் அனுப்பவும் வேண்டும். நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் திறந்தது. ஒரு பொருளைச் செப்பனிடுவது எளிதா அரிதா என்பதை வாங்குமுன்னரே மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீடு பற்றி ஆராய 2024-இல் அமைந்த மற்றொரு குழு 2025 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. அக்குழு முதலில் எடுத்துக்கொண்டவை கைப்பேசியும் டேப்லெட்டும். சமையலறைப் பொறிகளின் முறை அவற்றிற்குப் பின்னரே வரும்.