பாபரும் செம்பருத்தியும்

பாபர் என்றாலே 1526, முதலாம் பானிபட் போர், இப்ராஹிம் லோடி. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அவரே சகதாய் துருக்கி மொழியில் எழுதி வைத்த பாபர்நாமாவைப் புரட்டினால், பீரங்கிகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் பூக்கள்!

1483-ல் ஃபெர்கானாவில் பிறந்தவர், சமர்கண்டை ஜெயித்து, இழந்து, மறுபடி ஜெயித்து, மறுபடி இழந்து, கடைசியில் 1504-ல் காபூலுக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் அவருக்குத் தோட்டப் பைத்தியம் முற்றியது. வசந்த காலத்தில் காபூலைச் சுற்றிய மலையடிவாரங்களில் காட்டுத் துலிப் பூக்கும். துலிப் என்றதும் ஹாலந்து ஞாபகம் வருகிறது, ஆனால் அதன் சொந்த ஊர் மத்திய ஆசியாவும் அதன் சுற்றுப்புறமும்தான். எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னாராம் பாபர். 32 அல்லது 33 என்று கணக்கு வந்தது. அதில் ஒரு வகைக்கு ரோஜா வாசனை என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். இஸ்தாலிஃபுக்குக் கீழே ஓர் ஊற்றைச் சுற்றிக் கல் கட்டச் செய்தார். அர்கவான் மரங்கள் பூக்கும் நாட்களில் அதற்கு ஈடான இடம் உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி. ஜலாலாபாத் பக்கம் 1508-ல் பாக்-இ-வஃபா தோட்டத்தைப் போட்டார். பின்னால் அங்கே வாழைக்கன்றும் கரும்பும் கொண்டுபோய் நட்டு, அவை பிழைத்ததையும் பெருமையாக எழுதினார்.

இப்படிப்பட்டவருக்கு ஆக்ரா பிடிக்குமா? வெயில், புழுதி, ஓடும் தண்ணீர் இல்லை என்று ஒரே புலம்பல். (அந்தப் பட்டியல் ரொம்பவே பிரசித்தம். வாசித்தால் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.) யமுனைக்கு அக்கரையில் கிணறு வெட்டி, சதுரம் சதுரமாகத் தோட்டம் போட்டார். அந்தப் பகுதிக்கு ஊர் ஜனங்கள் காபூல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் பூக்கள் விஷயத்தில் மட்டும் அவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. நம் வீட்டு வேலியில் யாரும் திரும்பிப் பார்க்காத செம்பருத்தியை உட்கார்ந்து கவனித்திருக்கிறார். அதன் சிவப்பு எப்படி, மொட்டு எப்படி விரிகிறது, நடுவிலிருந்து தண்டு எப்படி நீள்கிறது, இத்தனை அழகான பூ ஒரே நாளில் வாடிவிடுகிறதே என்பது வரை எழுதுகிறார். தாழம்பூ வாசனையை மெச்சுகிறார். 1528-ல் குவாலியர் போனபோது கோட்டையையும் கோயில்களையும் பார்த்தவர், ஒரு தோட்டத்தில் அடர்சிவப்பு அரளியைக் கண்டு நின்றுவிட்டார். மற்ற இடங்களில் அவர் பார்த்த அரளி பெரும்பாலும் வெளிர் நிறம்தான். அந்தச் சிவப்பு அரளியை ஆக்ராவுக்கு எடுத்து வந்து தன் தோட்டங்களில் நடச் செய்தார்.

அதற்காக இந்த மண்ணோடு ஒட்டிப்போய்விட்டார் என்று சொல்ல முடியாது. 1529-ல் காபூலில் இருந்த நண்பர் க்வாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில், முலாம்பழம் ஒன்றை வெட்டித் தின்னும்போது ஊர் நினைவில் அழுகை வந்ததை மறைக்காமல் சொல்கிறார். செம்பருத்தியை ரசித்த அதே ஆள்தான்.

1530 டிசம்பரில் ஆக்ராவில் இறந்தார். முதலில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். சில வருடங்கள் கழித்து உடலைக் காபூல் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். அவர் விருப்பப்படியே கல்லறைக்கு மேலே கூரை கிடையாது. 1990-களின் உள்நாட்டுச் சண்டையில் அந்தத் தோட்டத்து மரங்கள் அழிந்தன. 2000-களில் அதைச் சீர்படுத்தி, மறுபடி மரம் நட்டு, தண்ணீர் ஓட விட்டார்கள்.